துலக்கிய குத்துவாள்

தொண்ணூறுகளில், வளைகுடாவில் வேலை பார்த்தபோது, குதைபியா பகுதியில் நாங்கள் இருந்த ஃபிளாட்டில், என் அலமாரி முழுக்க ஜெர்மன் ராணுவத்தின் பழைய குத்துவாள்கள். வேலை முடிந்து ஊர் திரும்பும் வெள்ளைக்கார என்ஜினியர்களிடம் கெஞ்சி வாங்கியவை. இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதீர்கள். அவற்றில் ஒன்று, முதல் உலகப் போருக்கு முந்தைய கடற்படைக் குத்துவாள், எனக்கு உயிர். அதன் பித்தளை உறை கறுத்துப் போயிருந்தது. சேகரிப்பவனுக்கு அந்தக் கறுப்புதான் மதிப்பு, தேய்த்தால் போயிற்று. என் மனைவியிடம் இதையெல்லாம் விளக்கியதில்லை. தொடாதே என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஓர் ஆயுத பூஜையன்று டியூட்டி முடிந்து வந்தேன். சாமி படத்துக்கு முன்னால், என் டூல் பாக்ஸுக்குப் பக்கத்தில், அந்தக் குத்துவாள் பளபளவென்று கிடந்தது. புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள்.

"அறிவிருக்காடி உனக்கு? நாசம் பண்ணிட்டியே!"

"நீங்க உசுரா வச்சிருக்கீங்களேன்னுதாங்க பூஜையில வச்சேன்" என்றாள். உறையிலிருந்து போன கறுப்பெல்லாம் அவள் விரல்களில் இருந்தது.

ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனவள், மூளைக் காய்ச்சல் வந்து அங்கேயே போய்விட்டாள்.

மற்ற குத்துவாள்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டேன். அது மட்டும் என்னிடம் இருக்கிறது. உறையின் செதுக்கல்களுக்குள் அவள் வைத்த சந்தனம் இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது. போன வாரம் என் மருமகள், "அழுக்கா இருக்கே மாமா, துடைச்சு வைக்கவா?" என்று துணியோடு வந்தாள்.

தொடாதே என்று கத்தினேன். ஏன் என்று அவளிடமும் சொல்லவில்லை.