கடைசியில் மகன் வரும் படம்

பொள்ளாச்சியில் நான் படித்த காலத்தில் மலையாளப் படம் என்றால் காலைக்காட்சி, முகத்தை மறைக்கத் துண்டு. அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. வீட்டில் கேசட் போட்டுப் பார்த்த குடும்பப் படங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. பாலக்காடு பக்கம் என்பதால் மொழி புரிந்துவிடும். அவற்றில் துபாய் போன மகன் கடைசிக் காட்சியில் பெட்டியும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்குவான்.

அம்மா போன பிறகு தனியாக இருக்கும் அப்பா, இன்று மலையாளப் படமாகவே பார்க்கிறார். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எனக்குச் சனிக்கிழமை காலை, அங்கே அவருக்குச் சாயங்காலம். ஒரே படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் பேசுவோம். அதற்கு முன் நாங்கள் அவ்வளவு பேசியதே இல்லை.

"நடிக்கறாங்கன்னே தெரியறதில்ல கண்ணு. பக்கத்து ஊட்டுக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி இருக்குது" என்பார்.

உண்மைதான். அதனாலேயே எனக்கு எரிச்சலும் வரும். இப்போதைய படங்களில் பெட்டியோடு யாரும் வருவதில்லை. பெரிய வீடு, பூட்டிய கேட், உள்ளே ஒரு பெரியவர், அவருக்கு ஒரு ஹோம் நர்ஸ். ஊர் அப்படி ஆகிவிட்டது, படமும் ஆகிவிட்டது.

போன மாதம் அப்படி ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னார். ரிட்டயர்டு வாத்தியார், அமெரிக்காவில் மகன். பார்த்தோம், பேசினோம். அடுத்த வாரமும் அதே படத்தைப் புதிதாகச் சொன்னார். அதற்கடுத்த வாரமும் சொன்னபோது ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

டாக்டரிடம் கூட்டிப்போன சித்தப்பா, "மறதி நோயோட ஆரம்பமாமா. ஆளு தெரியறப்பவே ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு" என்றார்.

கிரீன் கார்டு வரவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் வேண்டும்; அதற்காக அங்கே மாட்டிக்கொண்டால் எப்போது திரும்பலாம் என்று சொல்ல முடியாது, இப்போது கிளம்பாதே என்றார் வக்கீல்.

"நீங்க அங்க ஸ்டக் ஆயிட்டா நானும் பையனும் இங்க என்ன பண்றது?" என்றாள் மனைவி. அவள் கேட்டதில் தப்பே இல்லை. யார் மேலாவது கோபப்பட முடிந்தால்கூடத் தேவலை.

இன்று காலையும் அப்பா கூப்பிட்டார்.

"கண்ணு, ஒரு மலையாளப் படம் பாத்தேன். ஒரு வாத்தியாரு, பையன் அமெரிக்காவுல."

"சொல்லுங்கப்பா."

"கடைசீல அந்தப் பையன் பொட்டியோட வந்து எறங்கறான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு."

அந்தப் படத்தில் மகன் வரவே மாட்டான். பூட்டிய கேட்டோடு படம் முடிந்துவிடும்.

"நீ பாத்தியா?"

"பாத்தனுங்கப்பா. வந்துட்டான்" என்றேன்.