விளக்குக்குள் ஒரு பொட்டு

கார் முன்விளக்கை வீட்டில் பிரிக்கவே முடியாது, உள்ளே கறுப்பாக வேண்டுமானால் புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார் எங்கள் கிள்ளான் ஊர் வொர்க்‌ஷாப்காரர். அதனால்தான் பிரித்தேன்.

கேக் சுடும் ஓவனில் பத்து நிமிடம் வைத்தேன். பசை இளகி, கண்ணாடி கழன்று வந்தது. உள்விளிம்புக்குக் கறுப்புச் சாயம் அடித்து, இரண்டு நாள் காயவைத்து, ஒட்டி மூடினேன்.

இன்று காலை காரை அவர் கடை வாசலிலேயே நிறுத்தினேன். குனிந்து பார்த்தார். தட்டிப் பார்த்தார். குறை எதுவும் கிடைக்காமல் முகம் வாடியது. பிறகு மலர்ந்தது.

"அங்கிள், உள்ள என்னமோ சிவப்பா இருக்கு லா."

குங்குமப் பொட்டு. வெள்ளிக்கிழமை சாமி கும்பிட்ட கையோடு, மேசையில் காய்ந்துகொண்டிருந்த கண்ணாடிக்கும் என் மனைவி வைத்திருக்கிறாள். எது உள்பக்கம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

"திரும்பத் தொறந்து தொடைக்கணும். எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

"தொடைக்க மாட்டேன் பாஸ். உங்க காருக்கு வச்ச பொட்டு எங்க?"

"அது மழையில போச்சு."

"இது போகாது."

பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டே வீடு வந்து சேர்ந்தேன்.

மழைக்கு அழியாத பொட்டு வைத்த கார் வேறு யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். துடைக்கச் சொல்பவர்கள் எழுத வேண்டாம்.