காலண்டரில் ஒரு சிவப்புத் தேதி

கிட்ட வந்து உக்காருங்க, மிசின் சத்தத்துல தள்ளி இருந்தா கேக்காது. அச்சாபீசுப் பொழப்புன்னா அடுத்தவன் பெருமையை நாலு கலர்ல அடிச்சுக் குடுக்கிறதுதான். மொதலாளிக்குச் 'சரிங்க' சொல்லியே பல்லு தேஞ்ச உங்களுக்கு இது புரியும்.

கோயிலை மறைச்சவர்

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் ஜப்பான் போய்வந்தார். அங்கன பார்த்த பழைய புத்தர் கோயில் வரலாற்றை மாசத்துக்கு ஒரு துண்டாப் போட்டு, கம்பெனிக் காலண்டர் அடிக்கணும்னார். போன்ல எடுத்த படம் அம்புட்டுலயும் அவர்தான் நிக்கார். எங்க டிசைன் போடுற செல்வி, "கோயில் எங்க அண்ணாச்சி?"ன்னா.

"எனக்குப் பின்னாலதாம்மா இருக்கு, நல்லாப் பாரு!"

சாமி முழிச்சது

புத்தர் அரைக்கண் மூடியிருந்தார். சாமி தூங்குனா யாவாரமும் தூங்கிரும், கண்ணைத் திறந்துவிடுன்னு உத்தரவு. செல்வி திறந்துவிட்டா. பக்கத்துல நிக்கிற அண்ணாச்சியைப் புத்தர் முறைக்கிற மாதிரி ஆயிருச்சு. என்கூட மிசின் ஓட்டுற மாரிச்சாமி சொன்னான்:

"இப்பத்தாம்ணே சாமிக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சிருக்கு."

எரியாத வரலாறு

அது மரக்கோயில். மூணு தடவை எரிஞ்சு, மூணு தடவையும் ஊரே கூடிக் கட்டியிருக்கு. கடைசியா எரிஞ்ச தேதியில வருசாவருசம் வேலையை நிறுத்தி, செத்தவுகளுக்காக மணி அடிக்காகளாம். பட்டாசுக்காரன் காலண்டர்ல தீயான்னு அண்ணாச்சி எரிஞ்ச கதை அத்தனையும் வெட்டிவிட்டார். மிஞ்சுனது: கட்டினாக, கட்டினாக, திரும்பவும் கட்டினாக. கொத்தனார் நோட்டுதான்!

செல்வியோட அக்கா அந்தக் கம்பெனியில பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்துனவ. மூணு வருசம் முந்தி ஷெட்டு வெடிச்சதுல போயிட்டா. ஷெட்டுக்கு வெள்ளையடிச்சு வேற நம்பர் போட்டதோட சரி. "அந்த ஒரு நாள் உங்க கம்பெனியிலயும் லீவு விடுங்க அண்ணாச்சி. சேந்து ஒரு விளக்கு வைக்கணும்னு அங்க வேலை பாக்கிறவுக எல்லாரும் கேக்காக"ன்னா செல்வி.

"சீசன்ல லீவா? அது என்னைக்குத் தாயி? எனக்கு ஞாபகமே இல்லையே!"

கையெழுத்து

ப்ரூஃப்ல தன் மொகத்தை மட்டும் பன்னிரண்டு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டார். மிசின்ல மொதத் தாள் விழுந்ததும் பார்த்தேன். ஷெட்டு வெடிச்ச தேதி, சுதந்திர தினம் மாதிரி சிவப்பா நிக்குது. நான் சிவப்பு மையைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன்.

அந்த நாள் வந்துச்சு. ஆளேத்தப் போன கம்பெனி வேன் காலியாத் திரும்புச்சு. அண்ணாச்சி போர்மேன் வீட்டு வாசல்ல நின்னு கத்தினார். போர்மேன் சுவத்தைக் காட்டினார்:

"நீங்க குடுத்த காலண்டர்தான மொதலாளி, சிவப்புல போட்டிருக்கீகளே!"

ஜப்பான் வரைக்கும் போயும் அண்ணாச்சி பாக்காத கோயிலை, செல்வி சிவகாசியை விட்டு நகராம காலண்டர்ல ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள கட்டி முடிச்சுட்டு, அன்னைக்கு அவளும் லீவு போட்டுட்டா.