பின்பாரம்

என் சகலனிடம் ஒரு பிக்கப் இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எண்பதுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறைக் காலையில், அவர் அதன் பின்னால் ஒரு வோன்வாகனைக் கொளுவிக்கொண்டு லுசேர்ணுக்கு வந்து எங்கள் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினார். கட்டில், அடுப்பு, யன்னல் சீலை எல்லாம் உள்ள, சில்லுப் பூட்டிய ஒரு சின்ன வீடு. என் மகள் வெறுங்காலுடன் மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. நான் ஹோட்டல் சமையலறையில் வேலை முடிந்து வருகிறபோது அவள் அப்படி ஒருநாளும் ஓடி வந்ததில்லை.

சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஊரில் நான் கணித ஆசிரியன். அவர் என் வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர். பின்னக் கணக்கு அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. எங்களுக்கு முன்பே சுவிஸுக்கு வந்து, ஆராவ் நகரில் ஒரு கராஜில் கார் கழுவத் தொடங்கி, மெக்கானிக்காகி, இங்கே தங்கி வேலை செய்ய உரிமை தரும் பி விசாவும் எடுத்துவிட்டார். நான் லுசேர்ணில் சட்டி கழுவிக்கொண்டு, அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும் என்று கடிதப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். உறவு முறைக்கு அவர் என்னை அண்ணை என்று கூப்பிட வேண்டும். பழைய பழக்கத்தில் ‘சேர்’ என்றே கூப்பிட்டார். அதில் மரியாதையைத் தவிர வேறொன்றும் இல்லை. எனக்கு ஒவ்வொரு தடவையும் குத்தியது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் என் மகளுக்கு அவர்கள் வீட்டில் ராசாத்தி இடம். பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று ஆசிரியை கேட்டபோது, “சித்தப்பாவின் வோன்வாகனில்” என்று சொல்லியிருக்கிறாள். அது சித்தப்பாவுடையதே அல்ல. அவருடைய முதலாளி மூன்று நாளைக்கு இரவல் கொடுத்தது. அதை நான் அவளுக்கு இரண்டு தடவை எடுத்துச் சொன்னேன்.

பிரியன்ஸ் ஏரிக்கரையில் ஒரு முகாம் மைதானத்தில் இடம் பிடித்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தின் முன்னால், வோன்வாகனில் ஏற்றவென்று மைத்துனி பிக்கப்பிலிருந்து சாமான் இறக்கத் தொடங்கினாள். இருபது கிலோ அரிசி மூட்டை, இரண்டு பெரிய தண்ணீர்க் கலன், கிடாரம், சம்பல் இடிக்க இரும்பு உரலும் உலக்கையும்.

“மூண்டு நாளைக்கு ஏன் ஒரு மூட்டை?” என்று என் மனைவி கேட்டாள்.

“அங்க எங்கட சனம் ஆரும் வந்தால் வெறுங்கையோட அனுப்புறதோ அக்கா?”

“ஏரிக்குள்ளயோ சனம் இருக்கு?” என்றார் சகலன்.

மைத்துனி அவரைக் கவனிக்காமல் சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு போனாள். பிக்கப்புக்கு நாலு, பின்னால் இரண்டு. கடையில் பெரிய மஞ்சள் பழம்தான் கிடைத்திருந்தது. கீழ்வீட்டுச் சுவிஸ்காரி யன்னலில் நின்று பார்த்தாள்.

“உந்த மனிசி நினைக்கப் போகுது, நாங்கள் ரோட்டில ஜூஸ் போடுறம் எண்டு,” என்றார் சகலன். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள்தான் அதிகம் சிரித்தாள்.

பிறகு அவர் என்னிடம் சொன்னார்: “சேர், பாரமான சாமானெல்லாம் நடுவில, சில்லுக்கு நேர மேல வையுங்கோ. கொஞ்சம் முன்னுக்கு வந்தாலும் பரவாயில்லை. பின்னுக்கு மட்டும் வேண்டாம். முதலாளி திருப்பித் திருப்பிச் சொல்லி விட்டவர்.”

அவர் கண்ணாடிகளைச் சரிபார்க்கப் போய்விட்டார். வோன்வாகனைக் கொளுவியிருந்த இடத்தில் பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். ஊரில் மாட்டு வண்டிக்குப் பாரம் ஏற்றும்போது முன்பாரம் விழுந்தால் மாட்டின் கழுத்து நெரியும் என்று கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி அடுக்குவார்கள். எனக்கு அதுதான் நினைவு வந்தது. நெம்புகோல் தத்துவத்தை வருடக்கணக்காகக் கரும்பலகையில் கீறிக் காட்டியவன் நான். மூட்டையையும் கலன்களையும் உரலையும் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த அலுமாரியிலும் அதன் முன்னாலும் வைத்தேன். பிக்கப் நிமிர்ந்தது. பார்த்தாயா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மாட்டு வண்டியை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பொய். அவர் சொன்னபடி செய்ய எனக்கு விருப்பமில்லை.

பிக்கப்பில் இரண்டு வரிசை ஆசனம் இருந்தது. நாங்கள் இருவரும் முன்னால், பெண்கள் இருவரும் மகளும் பின்னால். ஏரிகளைத் தாண்டி, புரூனிக் கணவாய் ஏறுவதற்கு முன் லுங்கேர்ணில் நிறுத்தித் தேநீர் குடித்தோம். அங்கேதான் மகள் அடம்பிடிக்கத் தொடங்கினாள். அவளுக்கு வோன்வாகனுக்குள் இருந்து வர வேண்டும். பின்பக்கத்துக் கட்டிலில் படுத்து யன்னலால் மலை பார்க்க வேண்டும்.

“ஓடேக்கை உள்ள ஆரும் இருக்கக் கூடாது அம்மாச்சி. சட்டம் இல்லை,” என்றார் சகலன்.

அவளுடைய முகம் சுருங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அவள் என் பக்கம் திரும்பி, “அப்பா, நீங்கள் சொல்லுங்கோவன்,” என்றாள்.

“கொஞ்சத் தூரம்தானே, இருக்கட்டும். நானும் அவளோட உள்ள இருக்கிறன்,” என்றேன்.

“இல்லை சேர்.”

“பொலிஸ் ஒண்டையும் காணேல்லையே.”

அவர் போய் வோன்வாகன் கதவைப் பூட்டினார். திறப்பைச் சட்டைப் பையில் போட்டார். அவர் என் சொல்லைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் என் மகளுக்கு முன்னால். பிக்கப்பில் ஏறிய பிறகு நான் வெளியே பார்த்தபடி இருந்தேன். என் மனைவி பின்னாலிருந்து மெதுவாக, “இஞ்சேருங்கோ, விடுங்கோ,” என்றாள். நான் விடவில்லை. ஒரு திறப்பு வைத்திருக்கிற திமிர் என்று நினைத்தேன். பி விசாவின் திமிர் என்றும் நினைத்தேன்.

கணவாயைக் கடந்து இறங்கும்போது பாதையில் நேரான ஒரு துண்டு வந்தது. சகலன் வேகமாக ஓடவில்லை. எதிரே ஒரு பேருந்து எங்களைக் கடந்துபோனது. அந்தக் காற்றில் வோன்வாகன் ஒருமுறை அசைந்தது. அசைவு நிற்கவில்லை. நாய் தன் வாலை ஆட்டாமல் வால் நாயை ஆட்டினால் எப்படியோ, அப்படிப் பிக்கப்பின் பின்பக்கம் இடமும் வலமுமாக இழுபட்டது. பக்கக் கண்ணாடியில் வோன்வாகனின் வெள்ளைச் சுவர் வந்து நிறைந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. வலது பக்கம் தடுப்புக் கம்பி. அதற்கு அப்பால் மரங்களின் தலை.

“பிரேக்கைப் பிடியும், பிரேக்கைப் பிடியும்,” என்றேன்.

“கதைக்காதேங்கோ.”

காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அந்தக் கைகளில் பார்த்தேன். பாதை மட்டமான இடத்துக்கு வந்ததும் ஆட்டம் குறைந்து குறைந்து நின்றது. ஒதுங்கும் இடத்தில் நிறுத்தினார். மைத்துனி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மகள் தாயின் மடியில் முகம் புதைத்திருந்தாள்.

நானும் அவரும் இறங்கிப் போய் வோன்வாகனைத் திறந்தோம். அலுமாரிக் கதவு கழன்று கிடந்தது. மூட்டை வெடித்து நிலமெல்லாம் அரிசி. பின்பக்கத்துக் கட்டிலில், தலையணையின் மேல், இரும்பு உரல் கிடந்தது.

நாங்கள் இருவரும் அந்தத் தலையணையைப் பார்த்தோம். பிறகு அவர் அலுமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என்னப்பா நடந்தது?” என்று மைத்துனி வெளியிலிருந்து கேட்டாள்.

“காத்து,” என்றார் அவர். “பஸ் அடிச்ச காத்து.”

உரலைத் தூக்கி நடுவில், சில்லுக்கு நேரே வைத்தார். கலன்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். நான் உதவப் போனேன். “நீங்கள் இருங்கோ சேர்,” என்றார்.

அன்று பின்னேரம் ஏரிக்கரையில் மகள் என் பக்கத்தில் வந்திருந்தாள்.

“அப்பா, காத்து அவ்வளவு பலமோ?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சகலன் எனக்காக அதை ஆயத்தம் செய்து வைத்திருந்தார். அவர் தந்ததை வாங்க மனம் வரவில்லை.

“காத்தில்லை. நான்தான் பாரத்தைப் பின்னுக்கு வைச்சனான். வைக்க வேண்டாமெண்டு சித்தப்பா சொன்னவர்.”

அவள் யோசித்தாள். “சித்தப்பாவுக்கு அது தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப ஏன் காத்தெண்டவர்?”

“அம்மா என்னை ஏசுவா எண்டு.”

அவள் திரும்பி, வோன்வாகனுக்குள் முழங்காலில் நின்று அரிசி கூட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தாள். அந்தக் கோடை முழுக்க நான் எந்தப் பார்வைக்காக ஏங்கினேனோ அதே பார்வை. பிறகு எழுந்து, சுளகு ஒன்றை எடுத்துக்கொண்டு அவருக்கு உதவப் போனாள்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் அந்தத் தலையணை கனவில் வந்தது. விழித்ததும் அடுத்த அறையில் மகள் மூச்சு விடுவது கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்கும். நன்றி என்று நினைப்பேன். ஆனால் அந்தக் கதவைப் பூட்டித் திறப்பைப் பையில் போட்டது நானாக இருக்கவில்லையே என்ற எரிச்சலும் கூடவே வரும். நன்றியை விட ஒரு கணம் முந்தி.