பட்டாபிராமன் படித்த ஆறு வரிகள்

பட்டாபிராமன் காலமான செய்தி எனக்கு ஒரு புரூப்பாக வந்தது. சென்ற வியாழக்கிழமை காலை அச்சுக்கூடத்து ஃபோர்மன் கரீம் பாய் என் வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். நான் பிழை பார்ப்பதற்காக வழக்கமாக அவர் கொண்டுவரும் நீளத் தாள்கள் அன்று இல்லை. கறுப்பு ஓரம் போட்ட ஒரு கார்டின் புரூப்பும், கையால் எழுதிய அதன் மூலமும் மட்டும் இருந்தன. உத்தரக்கிரியைப் பத்திரிகை என்று ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. பெயரைப் பிறகுதான் படித்தேன்.

"நேத்து விடியக்காலைலம்மா. மார்ச்சளி. மூணு நாள் தான் படுத்துக்கினு இருந்தாரு" என்றார் கரீம் பாய். இரண்டையும் மேஜையில் வைத்து, "நீங்க பாக்காம மெஷின்ல ஏத்தக் கூடாதுன்னு அவர் சம்சாரம் சொல்லி அனுப்பிச்சிட்டாங்க" என்றார்.

அச்சுக்கூடத்தில் அவரோடு பழகியவர்களும், மந்தைவெளியில் அவருடைய தெருவில் இருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். அவரைப் பற்றி உங்களில் பலர் நம்பி வந்த ஒரு விஷயம் தவறானது. அதைத் திருத்த வேண்டியவள் நான்.

நான் சாந்தோமில் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். என் கணவர் இறந்தபின், அவருடைய நண்பரான அச்சுக்கூட முதலாளி பாடப் புத்தகங்களைப் பிழை பார்த்துத் தரும்படி கேட்டுக்கொண்டார். அதை உத்தியோகம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வேலைக்கு இருவர் வேண்டும். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கமா, புல்ஸ்டாப், பாரா என்று எல்லாவற்றையும் சேர்த்து உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சான தாளில் கண்ணை வைத்துப் பிழையைக் குறிப்பார். படிக்கிறவர் உணர்ச்சியோடு படிக்கக் கூடாது. குரல் ஏறி இறங்கினால் மனம் பொருளைப் பிடித்துக்கொண்டு போய்விடும். தாளில் இல்லாததையும் கண் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். என் பழைய பள்ளியிலிருந்து எனக்குப் படித்துக் காட்ட வந்த பெண்கள் எல்லாரும் வாசிப்பில் பரிசு வாங்கியவர்கள். ஒருத்தியையும் மூன்று மாதத்துக்கு மேல் நான் வைத்துக்கொள்ளவில்லை.

கரீம் பாய்தான் பட்டாபிராமனைக் கண்டுபிடித்தார். "ஒரு அய்யரு கீறாரும்மா. நெறைய படிச்சவரு. கொரல்ல உப்பும் இல்ல, காரமும் இல்ல. பத்தியக் கஞ்சி. உங்களுக்குத் தோதா இருப்பாரு" என்றார்.

வந்தவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். சுத்தமான சட்டை, சவரம் செய்யாத முகம். உட்காரச் சொன்னதும் முதல் வேலையாகத் தன் சரித்திரத்தைச் சொல்லிவிட்டார். பள்ளியில் வாத்தியாராக இருந்தார். ஐப்பசி கார்த்திகையில் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாமல் போகும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கை கால் எல்லாம் நனைந்த துணி மாதிரி ஆகிவிடும். சில வருஷங்களில் அது தை வரைக்கும் நீளும். டாக்டர்கள் அதற்கு ஒரு லத்தீன் பெயர் சொன்னார்கள். அவர் 'கனம்' என்று மட்டும் சொல்வார். அந்தக் கனத்தினால் பள்ளி வேலை போயிற்று. பிறகு லஸ்ஸில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா வேலை. கட்சிக்காரர்கள் அவர் முகத்தைப் பார்த்துத் தங்கள் கேஸ் தோற்றுவிட்டது என்று பயப்படுவதாக வக்கீல் குறைப்பட்டுக்கொண்டாராம். அதுவும் போயிற்று. மாமனார் முயற்சியில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு ஆனார். மாம்பலத்தில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. தியாகராய நகர் என்ற பெயர் இன்னும் எங்கள் வாயில் பழகவில்லை. முதல் நாள் காலையில் அங்கே போனவர் புதுப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, ஒரு வீட்டு கேட்டைக்கூடத் தொடாமல் சாயங்காலம் திரும்பிவிட்டார்.

"கதவைத் தட்டறதுக்குன்னு ஒரு முகம் வேணும். அன்னிக்கு அது என்கிட்ட இல்லை" என்றார்.

இதையெல்லாம் ஏன் முன்கூட்டியே சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பின்னால் தெரிந்தால் ஏமாற்றியதாக ஆகும் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. ஒரு பூகோளப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மலைகளையும் ஆறுகளையும் கமாக்களையும் ஒரே மாதிரி, சாமான் ஜாபிதா வாசிப்பதுபோல் படித்தார். அரை மணியில் நான்கு பிழைகள் அகப்பட்டன. முன்பு அதே பக்கங்களை ஒரு பெண் படித்தபோது என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

அன்று முதல் தினமும் வந்தார். மனைவி செல்லம்மாள் கொடுத்தனுப்பும் கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார். என் வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மூலத்தில் ஒரு வரியைப் படித்து முடித்ததும் அதன் முடிவில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வைப்பார். ஏன் என்று கேட்டதற்கு, கனமான நாளில் எந்த வரியில் இருக்கிறோம் என்பது மறந்துபோகும், புள்ளி வைத்தால் மறக்க வேண்டியதும் இல்லை, நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை என்றார்.

இந்த வேலை உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒருமுறை விசாரித்தேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "எங்க போனாலும் குடுக்கற வேலையோட இன்னொரு வேலையையும் சேர்த்துக் குடுப்பா. முகத்தை நன்னா வெச்சுக்கற வேலை. அதுலயே பாதி உசிர் போயிடும். இங்க அது கிடையாது."

அது உண்மை. நான் யாரையும் சிரிக்கச் சொல்கிறவள் இல்லை.

கனம் வந்தபோது வரமாட்டார். புரூப் தாள்கள் என் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும். அவசரமான வேலைகளைக் கரீம் பாய் வேறு ஆட்களுக்குக் கொடுத்து, அவசரமில்லாததை இவருக்கு என்று நிறுத்தி வைப்பார். திரும்பி வரும் நாளில் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. "பக்கம் நாற்பத்தொன்று" என்பேன். அவர் மூலத்தைப் பிரிப்பார்.

மூன்றாம் வருஷம் அந்தத் தவறு நடந்தது. நான்காம் வகுப்பு வாசகப் புத்தகம் ஒன்று. அதில் மாரியப்பன் என்ற மீனவனைப் பற்றிய கதை. அந்த மாசி மாதம் பட்டாபிராமன் நன்றாக இருந்தார். அத்தனை நன்றாக அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சவரம் செய்திருந்தார். கதையைப் படிக்க ஆரம்பித்ததும் குரல் மாறியது. புயலுக்கு ஒரு குரல், மாரியப்பனுக்கு ஒரு குரல், கரையில் நின்று கத்துகிற அவன் மாமியாருக்கு ஒரு குரல். மாமியார் அவனைத் திட்டுகிற இடத்தில் என் வீட்டுச் சமையற்காரி கரண்டியோடு வந்து நின்றாள். நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அச்சுக் கோத்தவர் ஆறு வரிகளை விட்டிருந்தார். இரண்டு வரிகள் 'மாரியப்பன்' என்றே தொடங்கியதால் அவர் கண் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிட்டது. அச்சான தாளில் அலை கட்டுமரத்தைப் புரட்டிப் போட்டது. அடுத்த வரியில் மாரியப்பன் வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் கரை சேர்ந்தது இடையில் உள்ள ஆறு வரிகளில். பட்டாபிராமன் அவற்றைப் படித்தார். நான் கேட்டேன். கேட்டதால் பார்த்ததாக எண்ணிவிட்டேன்.

புத்தகம் பள்ளிகளுக்குப் போயிற்று. குழந்தைகள் வகுப்பில் சிரித்தார்களாம். ஒரு தலைமையாசிரியர் முதலாளிக்கு எழுதினார். அது தெரிந்த அன்றே அச்சுக்கூடத்தில் எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள்: அந்த மனிதர் ஏதோ நினைவில் ஆறு வரியைத் தாண்டிப் படித்திருக்கிறார், சித்தம் சரியில்லாதவரை வைத்துக்கொண்டால் இப்படித்தான். இனி வரவேண்டாம் என்று முதலாளி அவருக்கு எழுதிவிட்டு, எனக்கும் ஒரு கடிதம் எழுதினார். இப்படிப்பட்ட ஒருவரை நம்பிய என் இரக்க சுபாவத்தை அதில் பாராட்டியிருந்தார்.

அந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாள் நான் பதில் எழுதவில்லை. அதுவரை என் கையெழுத்துப் போட்ட தாளில் பிழை அகப்பட்டதில்லை. அந்தப் பெயரை இழக்க மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒன்பதாம் நாள் செல்லம்மாள் வந்தார். அதற்கு முன் என் வீட்டு வாசலை அவர் மிதித்ததில்லை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"இவர் ஆறு வரியைப் படிக்காம விட்டுட்டார்னு சொல்லிண்டிருக்காளாமே அம்மா. இவரைக் கேட்டா வாயே திறக்கலை. சுவரைப் பாத்துண்டு படுத்துண்டிருக்கார். கூஜால வெச்ச ஜலம் வெச்சபடி இருக்கு. விட்டிருந்தா விட்டுட்டுப் போறார், நான் தேத்திக்கறேன். விடலைன்னா, அதை யாராவது சொல்லணுமோல்லியோ?"

"விடவில்லை. நான்தான் பார்க்கவில்லை" என்றேன்.

அவர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "அதை அவர்கிட்ட வந்து சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் ஜட்கா வைத்துக்கொண்டு அச்சுக்கூடத்துக்குப் போனேன். முதலாளி நான் சொன்னதை நம்பவில்லை. ஏழைக்காகப் பழியை என்மேல் போட்டுக்கொள்கிறேன் என்று நினைத்து, என் பெருந்தன்மையை மறுபடியும் பாராட்டத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற கரீம் பாய் உள்ளே போய், அந்தப் புத்தகத்தின் மூலத்தைத் தேடி எடுத்து வந்து மேஜையில் பிரித்தார்.

"இதப் பாருங்க முதலாளி. ஒவ்வொரு வரிக்கும் கடைசில பென்சில் புள்ளி கீது. படிச்சாத்தான் வெப்பாரு. அந்த ஆறு வரிலயும் கீது, எண்ணிப் பாருங்க."

முதலாளி எண்ணினார்; பட்டாபிராமன் மறுபடி வரலாம் என்றார். பிறகு என்னைப் பாராட்டுவதை நிறுத்தினார்.

மந்தைவெளியில் பட்டாபிராமன் செல்லம்மாள் சொன்னபடியேதான் படுத்திருந்தார். நடந்ததை அவர் முதுகிடம் சொன்னேன். ஒன்பது நாள் நான் வாய் திறக்காததையும், அதன் காரணத்தையும் சொன்னேன். ஏன் நீங்களே சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் சொன்னா யார் நம்புவா? எனக்கே ரெண்டு நாளைக்கப்புறம் சந்தேகம் வந்துடுத்து" என்றார். பிறகு, "உங்களுக்கு அந்தக் கதை பிடிச்சிருந்ததா?" என்று கேட்டார்.

"பிடித்திருந்தது. அதுதான் தவறு."

"அப்ப சரி" என்றார்.

உடனே எழுந்து வந்துவிடவில்லை. ஏழு வாரம் ஆயிற்று. திரும்பி வந்தபோது நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். கனமான நாட்களில் அவர் படிப்பார், நான் பார்ப்பேன். நன்றாக இருக்கும் நாட்களில் நான் படிப்பேன், அவர் பார்ப்பார். "என் குரலில் யாரும் மயங்கமாட்டார்கள்" என்றேன். "அது வாஸ்தவம்" என்றார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று. காலையில் உள்ளே வந்ததும் மேஜையின் எந்தப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார் என்பதை வைத்து அன்றைய நாள் எப்படி என்று தெரிந்துகொள்வேன். வேறு விசாரணை இல்லை.

இப்படி எட்டு வருஷம் வேலை செய்தோம். அவர் குணமாகிவிட்டார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஒவ்வொரு ஐப்பசியும் அது வந்தது. ஒரு வருஷம் பங்குனி வரை நீடித்தது. அந்த முறை நானே பயந்தேன். ஆனால் திரும்பி வரும்போது அவருக்கென்று ஒரு நாற்காலியும், பாதியில் நின்ற ஒரு பக்கமும் இருந்தன. அச்சுக்கூடத்தில் ஆறு வரிகளின் பழி அவர் மேலேயே நின்றுவிட்டது. முதலாளி யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை; கரீம் பாய் சொன்னதைச் சிநேகிதர் பரிவு என்று தள்ளிவிட்டார்கள். நானும் முதலாளியிடம் சொன்னதோடு போதும் என்று இருந்துவிட்டேன். போதாது என்பது இப்போது தெரிகிறது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். கார்டைப் பார்த்தாக வேண்டும். படிக்க ஆள் இல்லை. கரீம் பாயை உட்காரச் சொல்லி மூலத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு வரி படித்தார். மூன்றாம் வரியில் பெயர் வந்தது. அங்கே குரல் உடைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்; மறுபடியும் அதே இடம்.

"இப்படிப் படித்தால் எனக்குப் பிழை தெரியாது, பாய்."

"முடிலம்மா."

மூலத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, புரூப்பையும் இருந்த இரண்டு பென்சில்களில் ஒன்றையும் அவர் பக்கம் தள்ளினேன். நான் படித்தேன். மந்தைவெளி, கமா. பெயர், கமா. வயது, கமா. பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள், புல்ஸ்டாப். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கரீம் பாய் ஒரு பிழை கண்டுபிடித்தார்; செல்லம்மாளின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

அவர் போனபின் மூலம் என் மேஜையிலேயே இருந்துவிட்டது. எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு பென்சில் புள்ளி இருந்தது. நான் வைத்தவைதான்; வைத்தது எனக்கு நினைவில்லை. பட்டாபிராமனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம். இந்தக் கட்டுரையின் மூலத்திலும் அது இருக்கிறது. அந்த ஆறு வரிகளை அவர் விடவில்லை.