ஒதில் தொடாத டீசல் எஞ்சின்

டீசல் என்றால் இன்று பிரான்ஸில் எங்கள் லெ மான் ஊரிலேயே மூக்கைப் பொத்துகிறார்கள். எங்கள் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தில் டீசல் கார்கள் வரிசையாக ஜெயித்த வருஷங்களில், அந்த மூக்குகளில் பாதி வேலிக் கம்பியில் அழுந்திக் கிடந்தவைதான். ஒதில் ஹுதாயேயின் மூக்கு மட்டும் அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கிறது.

ஒதிலுக்குப் பக்கத்து ஊரான அர்னாஜில் டிராக்டர் பட்டறை. ஆள் அகலம், குரல் அதைவிட அகலம். பாரிஸிலிருந்து வந்த ஒரு சின்னப் பந்தயக் குழு, டீசல் காரை வாடகைக்கு எடுத்துவிட்டு, டீசல் தெரிந்த ஆள் தங்களிடம் ஒருவரும் இல்லை என்பதைப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு கண்டுபிடித்தது. அப்படித்தான் 'டிராக்டர் மகாராணி' உள்ளே போனாள்.

போனதும் எரிபொருள் குழாயில் ஒரு கைப்பம்பு மாட்டச் சொன்னாள். சீட்டுக்கு அடியில் ஒரு பதினேழாம் நம்பர் ஸ்பேனரும் வைக்கச் சொன்னாள்.

"அரைக் கிலோ கூடுது மேடம்! ஒவ்வொரு சுத்துலயும் நேரம் போகும்," என்றார் தலைமை எஞ்சினியர் பெஸ்னார்.

"நின்னு போனா எவ்வளவு நேரம் போகும்? அதையும் கணக்குப் போடுங்க."

சிரித்தார்கள். ஆனாலும் மாட்டினார்கள். அவள் நகராமல் நின்றாள், வேறு வழியில்லை.

ஞாயிறு மதியம் பந்தயம் முடிய நாற்பது நிமிஷம். பெட்ரோலிலேயே வாழ்ந்த பெஸ்னார், வழக்கம்போல எரிபொருள் டாங்க்கைச் சொட்டு வரை வற்றவிட்டார். பெட்ரோல் கார் இருமிவிட்டு ஓடும்; டீசல் அப்படியில்லை, குழாயில் காற்று புகுந்தால் படுத்துவிடும். பந்தயப் பாதையின் அர்னாஜ் வளைவில் மிச்ச டீசல் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சி, கார் நின்றது. மூன்று மணிக்கு முடிவுக் கோட்டைத் தாண்டாத கார், இருபத்துமூன்று மணி நேரம் ஓடியிருந்தாலும் பட்டியலில் கிடையாது.

ஒதில் அந்த வளைவோர வேலிக்கு ஓடினாள். கொடி அதிகாரி விரலை ஆட்டினார்: "வாயால என்ன வேணா சொல்லு. கை பட்டுச்சோ, கார் அவுட்."

நடுரோட்டில் நின்ற காரை, ஓட்டியவரே தனியாகச் சரி செய்ய வேண்டும், அதுதான் சட்டம். ஓட்டியவர் கஸ்பார், பெரிய வீட்டுப் பிள்ளை, நாற்பது வயது. ஸ்பேனரைக் கரண்டிபோலப் பிடித்திருந்தார்.

ஒதில் இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டாள்.

"ஏர் பிடிச்சிருக்கு பிரபுவே. ஃபில்டர் தலையில ஒரு நட்டு. லேசா தளர்த்துங்க. லேசான்னேன்!"

"சுடுது மேடம்!"

"பின்ன, ஐஸ்கிரீமா? பம்ப அமுக்குங்க."

"நுரையா வருது!"

"நுரை அடங்குற வரைக்கும் அமுக்குங்க. ம்... இன்னும். இப்ப டீசல் சுத்தமா வருதா?"

"வருது."

"அமுக்கிக்கிட்டே இறுக்குங்க. ரெண்டு கை இருக்குல்ல? எனக்கு இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல."

முதல் முறை எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாவதில் ஒரு கறுப்புப் புகை, ஒதிலின் முகத்திலேயே. சர்ச்சில் சாம்பிராணி வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். கார் ஊர்ந்து போய்க் குழுவின் கொட்டகையில் டீசல் நிரப்பி, மூன்று மணிக்குக் கோட்டைத் தாண்டியது. இருபத்தேழாம் இடம். அதற்குக் கீழே யாரும் இல்லை.

மறுநாள் எங்கள் ஊர்ப் பத்திரிகையில் படம்: கறுத்த கைகளோடு கஸ்பார், பின்னால், பாக்கெட்டில் கை விட்டபடி ஒதில். கீழே ஒரு வரி: 'வீரர் போராட, வேடிக்கை பார்க்கும் ரசிகை.'

"என்ன ஒதில், நாங்க டிக்கெட் வாங்கிப் பார்த்தோம், நீ வேலிக்கே போயிட்டியே!" என்றது மதுக்கடை.

"படத்துல என் கையைப் பார்த்தியா?"

"எங்க தெரியுது?"

"தெரியல இல்ல? அதான் வேலை."

படத்தைச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினாள். பக்கத்து ஆணியில் அன்றைய மேலங்கி தொங்குகிறது. அன்று கைகள் முட்டிய முட்டலில் இரண்டு பாக்கெட்டும் அடியில் கிழிந்திருக்கின்றன. தைத்துத் தருகிறேன் என்ற தையற்காரியைத் துரத்திவிட்டாள். விசேஷ நாட்களில் அதைத்தான் போட்டுக்கொள்கிறாள். பழக்கத்தில் பாக்கெட்டில் போடும் ஸ்பேனர் நேராகக் காலில் விழுகிறது. ஒதில் குனிந்து எடுக்கும்போதெல்லாம் சிரிக்கிறாள்.