கட்டின கை

ஆஸ்பத்திரியிலருந்து வூட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கெடச்ச மொத வேலை, ஆர்லிக்ஸ் பாட்டிலை அடுக்கி வைக்கிறதுதான். குடல் வெடிச்சு, சீழ் புடிச்சு, பதினோரு நாள் ஐசியூவில கெடந்து பொழச்சு வந்தவளைப் பாக்க பாலக்கோட்டுப் பக்கத்துச் சனம் அத்தனையும் வந்துது. தக்காளி மண்டிக்கு வந்தவங்க, மாதா கோயில் அன்பியத்துல ஒண்ணா ஜெபம் பண்றவங்க, வழி மறந்துபோன ஒறவுங்க. வந்து உக்காந்ததும் ஒரே கேள்வி. "என்னங்க ஆச்சு?"

கேள்வி எனக்கு, பதில் எங்க வூட்டுக்காரரு. "டாக்டரே கையை விரிச்சிட்டாருங்க"ன்னு ஆரம்பிப்பாரு. எந்த எடத்துல கொரலைத் தாழ்த்தணும், எந்த எடத்துல மேல பாத்துக் கும்புடணும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கடைசியில, "இவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மயக்கத்துலயே இருந்தா. பட்டதெல்லாம் நாங்கதான்"ம்பாரு. வந்தவங்க என்னைப் பாத்து, "ஆண்டவர் காப்பாத்திட்டாரு"ம்பாங்க. நானும் தலையை ஆட்டுவேன். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிதான் மிச்சம்.

அதுக்கப்புறம் சரியாத் தூங்கினதே இல்லை. மிக்சி ஓடினா ஒடம்பு வேர்த்துக் கொட்டும். ஸ்பிரிட் வாசனை மூக்குல பட்டா வாந்தி வரும். பொழச்சு வந்தவளுக்கு இன்னும் என்ன கேடுன்னு எல்லாரும் கேட்டாங்க. எனக்கும் அதே சந்தேகம்தான்.

இதுக்கு நடுவுல கட்டிக் குடுத்த மக முழுகாம இருந்தா. மொதப் பிரசவம், தாய் வூட்டுலதானே பாக்கணும். செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போயி அவளை உள்ள அனுப்பிட்டு, நான் எதிர்க்க டீக்கடையிலயே உக்காந்துக்குவேன். பிரசவத்தன்னிக்கும் இப்படி உக்காந்திருந்தா நான் என்ன பெத்தவ? அந்தப் பயத்துலதான் தருமபுரியில கவுன்சிலிங் பாக்குற ஒரு மேடத்துகிட்ட போனேன்.

நடந்ததைச் சொல்லச் சொன்னாங்க. "டாக்டரே கையை விரிச்சிட்டாருங்க"ன்னு மடமடன்னு ஒப்பிச்சேன். பொறுமையாக் கேட்டுட்டு, "இது உங்க வூட்டுக்காரரு வெளிய நின்னு பாத்ததுங்க. நீங்க உள்ள இருந்தீங்களே, நீங்க என்ன பாத்தீங்க?"ன்னாங்க.

எனக்குக் கோவம் வந்துருச்சு. வந்து போன அத்தனை பேருல ஒருத்தரும் கேக்காததை இவங்க யாரு கேக்க? எழுந்து வந்துட்டேன். அடுத்த வாரம் போனேன், வாயே தெறக்கலை. மூணாவது தடவைதான் சொன்னேன்.

நான் மயக்கத்துல இல்லை. தலைமாட்டுல ராப்பகலா பீப் பீப்னு மெஷினு, தொண்டையில கொழாய் இருந்துச்சு. அதைப் புடுங்கிடுவேன்னு ரெண்டு கையையும் பேண்டேஜ் துணியால கட்டில் கம்பியில கட்டியிருந்தாங்க. ஒருநாள் மக உள்ள வந்தா. அவுத்து விடுடின்னு கண்ணாலயே கெஞ்சினேன். அவ கட்டையும் பாத்தா, என்னையும் பாத்தா, திரும்பி வெளிய போயிட்டா. பெத்த மக மேல கோவம்னு யாருகிட்டங்க சொல்றது?

சொல்லி முடிச்சப்ப முதுகெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. மனசு லேசாகும்பாங்களே, ஒண்ணும் ஆகலை. பஸ்ஸுல வர வழியெல்லாம் ஒரே அசதி. ஆனாலும் போறதை விடலை. ஒரு வாரம் ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும், அடுத்த வாரம் சீட்டு குடுக்குற எடம் வரைக்கும்னு மேடம் என்னை நடக்க வெச்சாங்க. கொழந்தை நடை பழகுற மாதிரிதான்.

மகளுக்கு ஒரு காலையில வலி எடுத்துருச்சு. பிரசவ அறைக்குள்ள தொணைக்கு ஒரு பொம்பளை வரலாம்னாங்க. அவ மாமியார் எழுந்தாங்க. "நான் போறேங்க"ன்னேன். வாய் சொல்லிருச்சு, காலு கேக்கலை. செவுத்தைப் புடிச்சுக்கிட்டே போனேன்.

உள்ள அதே வாசனை, அதே பீப் சத்தம். ட்ரிப்ஸ் ஏறிட்டிருந்த கையை மக வலியில ஒதறிக்கிட்டே இருந்தா. ஊசி புடுங்கிக்கும்னு நர்சம்மா ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க. மூணாவது தடவை சலிச்சுப் போயி பேண்டேஜ் துணியை எடுத்துட்டு வந்தாங்க.

மக துணியைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"அன்னிக்கு நீ அவுக்கச் சொன்னது எனக்குப் புரிஞ்சுதும்மா"ன்னா. "பயந்து ஓடிட்டேன்."

கதவு நாலு அடியிலதான் இருந்துச்சு, ஓடணும்னா நானும் ஓடியிருக்கலாம்.

"கட்ட வேணாம் சிஸ்டர். நான் புடிச்சுக்கறேன்."

பேத்தி பொறக்குற வரைக்கும் அந்தக் கையை நான் விடலை.